கோழிக்கூண்டில் புது வலை

"புது வலையைக் கோழிக்கு வேலியா கட்டி வச்சிருக்கியே, உனக்கே இது நல்லா இருக்குதா?"

பாஸ்டர் ஆல்வின் போட்ட சத்தத்தில் கூண்டுக்குள் இருந்த கோழிகளே மிரண்டு ஒதுங்கின. நாகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பாஸ்டர் பக்கத்தில் நோரா. அமெரிக்காவில் காலேஜ் படிக்கிற பெண். இரண்டு மாத ஊழியத்துக்கென்று பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்தவள், நாளைக்குக் கிளம்புகிறாள். போவதற்குள் நாகம்மாள் வலை போடுவதை வீடியோ எடுத்து, ஊரில் தன் சபைக்குக் காட்டவேண்டும் என்று ஆசையாகப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்காதா பின்னே? வந்த புதிதில், ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்த நாகம்மாளைப் பார்த்து அழுதவள் ஆயிற்றே. கெளுத்தி முள் குத்திப் புண்ணாகிப்போன அந்தக் கைகளைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினாள். அவள் சபைப் பிள்ளைகள் கேக் விற்றுப் பணம் சேர்த்தார்கள். அதில் வாங்கிய இறால் வலை அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டரே ஜெபம் பண்ணித் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். சபையே கை தட்டியது.

"ஏன் இப்படிச் செஞ்சாங்கனு கேளுங்க பாஸ்டர்" என்றாள் நோரா, இங்கிலீஷில்.

"இன்னாத்துக்கு இப்படிப் பண்ணேனு கேக்கறாங்க. சொல்லு."

நாகம்மாள் பாஸ்டரின் முகத்தையே பார்த்தாள். பக்கத்துக் குடிசைக் கலைவாணிக்குப் பொறுக்கவில்லை. அவளும் கையால் இறால் பிடித்துப் பிழைக்கிறவள்தான்.

"சொல்லித் தொலையேன்க்கா!"

"நீ சும்மா இருடி. நாளைக்கு ஏரியில எறங்க வேணாமா?" என்று அவளை அதட்டிவிட்டு, நாகம்மாள் பாஸ்டரிடம் சொன்னாள்.

"எனக்கு வலை போடத் தெரியலைனு சொல்லிடுங்க ஐயா."

பாஸ்டர் திரும்பி நோராவிடம் இங்கிலீஷில் பேசினார்.

"கையால தடவியே பழகிட்டாளாம். புதுசா கத்துக்கச் சோம்பலா இருக்காம்."

"யாராவது கத்துக் கொடுக்கலாமே?"

"நானே ஆள் அனுப்பினேன் சிஸ்டர். வரமாட்டேன்னுட்டா. இவங்க இப்படித்தான். எவ்வளவு செஞ்சாலும் உருப்பட மாட்டாங்க."

நோரா கூண்டைச் சுற்றியிருந்த வலையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்.

"அப்போ, யாருக்கு உபயோகப்படுமோ அவங்களுக்குக் கொடுத்துடலாமா? சின்னப் பிள்ளைங்க சேர்த்த பணம் பாஸ்டர்."

"அதுதான் நியாயம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாஸ்டர் குனிந்துவிட்டார். கூண்டைச் சுற்றி இருந்த முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். கோழிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. பிடிக்கக்கூட நாகம்மாள் நகரவில்லை. வலை போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாருக்கு உபயோகப்படும்? பாஸ்டரின் தம்பி வின்சென்டுக்குத்தான். வேறு யாருக்கு? அவன் வீட்டில் ஏற்கெனவே வலைகள் குவிந்து கிடக்கின்றன, அது வேறு விஷயம்.

சாயங்காலமே வின்சென்ட் படகில் போய், ஏரியில் கழி நட்டு, புது வலையைக் கட்டினான். நோரா வளைத்து வளைத்து வீடியோ எடுத்தாள். "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று அவன் போனைப் பார்த்துக் கும்பிட்டான். முகமெல்லாம் பல். சும்மா கிடைத்த வலை, சந்தோஷத்துக்குக் கேட்கவா வேண்டும்?

மறுநாள் காலையில் நோராவை ஏர்போர்ட்டில் விட பாஸ்டரே காரில் கூடப் போனார். நாகம்மாள் குடிசை வந்ததும் நோரா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்த நாகம்மாளை, ஈரப் புடவை என்றும் பார்க்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தேம்பித் தேம்பி ஏதோ சொன்னாள்.

"உன்னை மன்னிச்சிட்டாங்களாம்" என்றார் பாஸ்டர், கார்க் கண்ணாடியை இறக்கி.

"சரிங்க ஐயா. நல்லபடியா போய்ச் சேரட்டும்."

கார் தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம், கலைவாணி பொங்கிவிட்டாள்.

"மன்னிக்கிறாங்களாமே, மன்னிக்கிறாங்க! இன்னாக்கா தப்பு பண்ண நீ? வலை கெடைச்ச மறுநாளே ஆசை ஆசையா எறங்கினவதானே? ஊர்க்கூட்டம் போட்டு, 'ஏரியில பரம்பரையா பாடு உரிமை இருக்கிற குடும்பம்தான் வலை போடணும். பாடு இல்லாத நீ வலையத் தொட்டா, உங்க ஆளுங்க யாரும் இனிமே கையால தடவுறதுக்குக்கூட எறங்க முடியாது'னு மெரட்டினாங்க இல்ல? எனக்கு வயிறு எரியுதுக்கா. அந்தப் பொண்ணாண்ட அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா?"

நாகம்மாள் பறியிலிருந்த இறாலைச் சட்டியில் கொட்டினாள். ஒரு கைப்பிடிகூட இல்லை.

"எப்பிடிடி சொல்றது? நான் சொன்னா, அதை அந்தப் பொண்ணுக்கு இங்கிலீசுல எடுத்துச் சொல்ல வேண்டியவரு பாஸ்டரு. அன்னிக்கு ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு அப்பிடி மெரட்டினதே அவருதானே!"