எட்டாம் எண் தளபதி

தளபதிக்கு மாறுகண் விழுந்துவிட்டது.

கணக்கு வாத்தியார் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, பூதக்கண்ணாடி வழியாக மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்து வாளை உயர்த்தியிருந்த அந்த விரலளவு ஈயத் தளபதி, ஒரு கண்ணால் எதிரியையும் இன்னொரு கண்ணால் தன் குதிரையின் வாலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க இது, முறைக்கிறாரா, முழிக்கிறாரா?”

“கை நடுங்கிடுச்சு.”

“துடைச்சிட்டு வேற கண்ணு வையுங்களேன்.”

“மூணு தடவை துடைச்சாச்சு. இன்னும் துடைச்சா மூக்கே போயிடும்.”

பழைய காலப் போர்களை மேஜைமேல் குட்டிப் பொம்மைப் படைகளை நிறுத்தி விளையாடும் சங்கம் அவருடையது. வருடாவருடம் பெரிய போருக்கு முன்னால், தளபதிக்கு வண்ணம் தீட்டும் போட்டி நடக்கும். எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைதான். யாருடைய தளபதி ஜெயிக்கிறாரோ, அவர்தான் அந்த வருடம் மொத்தப் படைக்கும் தலைவர். மற்றவர்கள் அவர் சொன்னபடி கேட்க வேண்டும்.

தொடர்ந்து ஜெயித்து வந்தவர் பல் டாக்டர். தொடர்ந்து அவர் வாத்தியாருக்கு ஒதுக்கி வந்தது, சாமான் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள். மற்றவர்கள் பீரங்கி முழக்க, வாத்தியார் வண்டி ஓட்டினார்.

“அவருக்கென்ன, நாள் முழுக்க அடுத்தவன் வாய்க்குள்ள நுணுக்கு வேலை பாக்கறவரு. இமை முடி வரைக்கும் வரைவாரு” என்று பெருமூச்சு விட்டார். “இந்தத் தடவையும் மாட்டு வண்டிதான்.”

மனைவி தளபதியின் மாறுகண்ணை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். வண்டி ஓட்டிய வருடங்களில் அவர் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததையெல்லாம் அனுபவித்தவள் அவள்.

மறுநாள் காலை வாத்தியாருக்குச் சிறப்பு வகுப்பு. தளபதியை டிபன் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்து, மனைவியே சங்கக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மதியம் வாத்தியார் பள்ளியிலிருந்து நேராகக் கூடத்துக்கு வந்தபோது, எல்லாரும் பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நீள மேஜையின் ஓரத்தில் வரிசையாக எண்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு எண்ணுக்கு நேராகவும் ஓர் அட்டைத் தட்டு. தட்டின்மேல் தளபதி. தளபதிமேல் தூசி படாமல் கவிழ்த்த காகிதக் கப். எந்த எண் யாருடையது என்பது நடுவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஏழு வாத்தியார். எட்டு பல் டாக்டர்.

பக்கத்துப் பக்கத்தில்.

வாத்தியார் மேஜையை நெருங்கினார். பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிறவனைப் பின்மண்டையைப் பார்த்தே பிடித்துவிடுகிறவர் அவர். அப்படிப்பட்டவர் இப்போது வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் கண்டுபிடித்துக் கத்தினால்? கத்தட்டும். எல்லாம் ஒரே அச்சு. மாறுகண் தளபதி என்னுடையது இல்லை என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்?

ஏழாம் தட்டை இடது கையால் இழுத்தார். எட்டாம் தட்டை வலது கையால் தள்ளினார். கப்பைத் தூக்கிப் பார்க்க மனம் வரவில்லை. டாக்டரின் கைவேலையைப் பார்த்தால் வயிறு எரியும். போதாக்குறைக்குச் செருப்புச் சத்தம் வேறு கேட்டது. எல்லாரும் உள்ளே வந்தபோது வாத்தியார் ஜன்னலோரம் நின்று வானத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

நடுவர் ஓய்வுபெற்ற மேஜர். கப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வந்தார். வாத்தியார், போட்டி பார்க்க வந்திருந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, மனதுக்குள் பீரங்கிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஏழாம் கப் எழுந்தது.

மாறுகண் தளபதி!

“ஐயோ!” என்றாள் மனைவி.

வாத்தியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். எட்டாம் கப் எழுந்தது. இமை முடி, மீசை நுனியில் மினுமினுப்பு, குதிரையின் மூக்குத் துவாரத்துக்குள்கூட இளஞ்சிவப்பு.

மேஜர் ஏழாம் எண்ணின் முன் வெகுநேரம் குனிந்து நின்றார். “எந்தப் பக்கம் சண்டை போடறோம்னு இவருக்கே தெரியல போலிருக்கே!”

கூடமே சிரித்தது. முதல் பரிசு எட்டாம் எண்ணுக்கு.

பல் டாக்டர் வந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். “வருத்தப்படாதீங்க சார். வண்டி இல்லாம எந்தப் படையும் நகராது. உங்கள நம்பித்தான் சாமான் எல்லாத்தையும் விடறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வாத்தியாருக்குத் தெரியாதா? செய்வதையெல்லாம் செய்துவிட்டு அப்பாவியாகப் பேனாவைக் கடிக்கும் கடைசி பெஞ்சுக்காரனின் சிரிப்பு. தட்டை மாற்றியதை டாக்டர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தட்டுகளை மறுபடி மாற்றியிருக்கிறார். திருட்டு ஆசாமி!

எழுந்து புகார் செய்யத் துடித்தார். ஆனால் என்னவென்று செய்வது? நான் திருடியதை இவர் திருடிவிட்டார் என்றா?

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் குமுறினார். “உலகத்துல நேர்மைன்னு ஒண்ணே இல்லாமப் போச்சு. படிச்ச மனுஷன் செய்யற வேலையா இது?”

“யாருங்க? என்ன செஞ்சாரு?”

வாத்தியார் தெருமுனையில் நின்றார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “திட்டாதே. மத்தியானம் யாரும் இல்லாத நேரத்துல, என் தட்டையும் டாக்டர் தட்டையும் நான் மாத்தி வெச்சேன். அந்த ஆளு அதப் பாத்துட்டுத் திரும்ப மாத்திட்டாரு!”

மனைவி திட்டவில்லை. தலையில் கை வைத்தபடி மதில் சுவரில் அப்படியே சாய்ந்தாள்.

“அட என் புத்திசாலி மனுஷா... காலையில குடுக்கப் போனப்பவே நான் மாத்தி வெச்சிட்டுத்தானே வந்தேன்!”