வனிதா உட்காரும் இடம்

இப்போதெல்லாம் ரயில் எதுவும் நிற்காத அந்த மலை ஸ்டேஷனில் வனிதா தூக்குவாளியைத் திறக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மழையென்றால் ஒதுங்க இருப்பது இந்தத் தகரக் கூரை ஒன்றுதான். கட்டடக்கலை படிக்கும் கோயமுத்தூர் மாணவன் ஜீவா அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருக்க, மறுமுனையோடு குனிந்தபடியே வருகிறாள் கொழும்பு மாணவி தருஷி. ஸ்டேஷனைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். இனி நமக்கு இங்கே இடமேது என்று வனிதா வாளியை மூடிக்கொண்டு எழப் பார்க்கிறாள். “எந்திரிக்காதீங்கக்கா, நீங்க உக்கார்ற இடத்தையும் பிளான்ல போடறோம்,” என்கிறான் ஜீவா. தருஷி மண்டியிட்டு, வனிதாவையும் கூடையையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுக்கிறாள். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் வெள்ளைத்தூள் மினுங்குகிறது. கோடு முடிகிற வரை அசையாமல் இருந்த வனிதா, பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டுகிறாள். “இங்க ஆண்டாயக்கா உக்காரும் கண்ணு. கொஞ்சம் அகலமாவே போடு.”