ஏழுவீச்சர்

சிங்கப்பூர் வரைக்கும் போய், அசையாமல் கிடந்த பந்தை அடிக்கத் தெரியாமல் திரும்பி வந்த மனிசன் என்று பஞ்சலிங்கத்தாரைப் பார்த்து நீர்வேலியே சிரித்தது.

சிரிப்பைத் தொடக்கி வைத்தவர் வேறு ஆருமில்லை, மனைவி பூரணத்தின் சொந்தத் தமையன் இராசநாயகம்தான். அடுத்த வளவுக்காரர். வேலிக்கு இந்தப் பக்கம் பஞ்சலிங்கத்தாரின் வாழைத்தோட்டம், அந்தப் பக்கம் இராசநாயகத்தின் மாட்டுக்கொட்டில்.

பிழை பூரணத்தினுடையது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் சண்முகநாதனின் கடிதம் வந்த அன்று பார்த்து அவளுடைய மூக்குக்கண்ணாடி உடைந்து கிடந்தது. பஞ்சலிங்கத்தார் தோட்டத்தால் வரும் வரைக்கும் பொறுத்திருக்கலாம். பொறுக்க மாட்டாமல் தமையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள்.

அங்கே சனம் பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கினது போல மாடிகளில் இருக்கிறதாம். கால் நீட்ட இடமில்லாத அந்த ஊரில், கோல்ப் விளையாட மட்டும் நீர்வேலி அளவு புல்வெளி. நினைத்தவர் எல்லாம் உள்ளே போக முடியாது. விருந்தாளியாகப் போவதென்றால் அங்கத்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு தரம் போய்வர ஆகும் காசுக்கு எங்கள் தோட்டத்துக் குலை முழுவதையும் வித்தாலும் காணாது என்று எழுதியிருந்தான். அப்படிப்பட்ட இடத்துக்குத் தான் வேலை செய்யும் கந்தோரின் மனேச்சர், அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று மரியாதைக்குக் கூட்டிப் போனாராம். விடியப்புறமே போய் வரிசையில் நின்று முறை வந்ததாம்.

இராசநாயகம் மிச்சத்தைக் குரலை உயர்த்தி வாசித்தார்.

"அப்பா ஏழு தரம் வீசினார். ஏழும் காத்திலை போச்சுது. கடைசி வீச்சிலை தடிதான் பறந்தது, பந்து கிடந்த இடத்திலையே கிடந்தது. மனேச்சர் சிரிச்ச சிரிப்பிலை எனக்கு வெக்கத்திலை நிலத்துக்குள்ளை பூந்திடலாம் போலை இருந்தது."

அன்று பின்னேரமே கதை சந்தைக்குப் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் பஞ்சலிங்கத்தாருக்குப் பட்டம் தயாராக இருந்தது. ஏழுவீச்சர்.

சிரிப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இளந்தாரியாக இருந்த காலத்தில் கிட்டிப்புள்ளில் அவரை வெல்ல ஆளில்லை. அவர் அடித்த புள் இரண்டு ஒழுங்கை தாண்டி விழும். தேடப் போனவர்கள் பொழுதுபட்டுத்தான் வருவார்கள்.

"ஏன் மச்சான், அந்தரத்திலை எழும்பின புள்ளை அடிச்ச கைக்கு, ஆணியிலை இருத்தி வைச்ச பந்தை அடிக்கேலாமல் போச்சோ?" என்று இராசநாயகம் கலியாணவீட்டுப் பந்தலில் வைத்துக் கேட்டார்.

"வயசு போச்சுது மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சலிங்கத்தார் பாயாசத்தைக் குடித்தார்.

பூரணத்துக்குத்தான் முகம் சுண்டிப் போனது. பகிடி ஒருபக்கம் இருக்க, அவளுக்கு வேறு பயம். மகனுடைய வேலை இன்னும் நிரந்தரமில்லை. மனேச்சர் கையெழுத்து வைக்காவிட்டால் வருசக் கடைசியில் ஊருக்குத் திரும்ப வேண்டும். எண்பத்துநாலாம் ஆண்டு அது. இருபத்துமூன்று வயதுப் பொடியன் ஒருவன் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போய்ச் சந்தியால் திரும்பி வரும் வரைக்கும், ஆமிக்காரர் பிடித்துப் போவார்களோ என்று தாய்மார் வாசல் படலையில் நின்ற காலம். கூட்டிப் போன மனேச்சருக்கு முன்னால் இந்த மனிசன் இப்படிக் கோமாளி வேசம் போட்டு வந்திருக்கிறதே என்று அவள் மனதுக்குள் திட்டாத நாளில்லை.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. இந்த முறை கண்ணாடி மூக்கில் இருந்தது. தானே வாசித்தாள். வாசித்த கையோடு தோட்டத்துக்கு ஓடினாள்.

பஞ்சலிங்கத்தார் வாழைக்குத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாக மாறிவிட்டுக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ, எங்கடை பொடியனுக்கு வேலையை நிரந்தரமாக்கிப் போட்டினமாம். மனேச்சர் காணிற ஆக்களுக்கெல்லாம் உங்கடை கதையைத்தான் சொல்லுறாராம். நீங்கள் சுகமோ எண்டு ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாராம்."

அவர் மண்வெட்டியை வரம்பில் ஊன்றினார்.

"அப்ப பொடியன் இனித் திரும்பி வரத் தேவையில்லை" என்றார். சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பூரணம் அவரைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு அந்தப் பந்தை அடிக்கத் தெரியேல்லையோ?"

"மனேச்சர் காரிலை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவர். ஆறு வருசமாய் விளையாடுறாராம், இண்டைக்கு வரைக்கும் ஒருதரும் தன்னட்டைத் தோக்கேல்லையாம்."

சொல்லிக்கொண்டே குனிந்து, வரம்பில் உதிர்ந்து கிடந்த பிஞ்சுத் தென்னங்குரும்பட்டி ஒன்றை எடுத்து ஒரு சின்ன மண்கட்டியில் வைத்தார். வேலியோரம் கிடந்த பூவரசந்தடியை எடுத்தார். ஒரே வீச்சு.

குரும்பட்டி வாழைகளுக்கு மேலால், வேலிக்கு மேலால் நேர்கோடாகப் போய் மாட்டுக்கொட்டில் தகரத்தில் 'டங்' என்று விழுந்தது. மாடு கத்தியது.

"ஆரது எறிஞ்சது?" வேலிக்கு மேலால் இராசநாயகத்தின் தலை எட்டிப் பார்த்தது.

"நான்தான் மச்சான். சும்மா ஒருக்கா அடிச்சுப் பாத்தனான்."

இராசநாயகம் அவரையும் தடியையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உம்மாலை ஏலுமோ காணும்! அது காகம் போட்டிருக்கும்."

பூரணம் வாயைத் திறக்கப் போனாள். பஞ்சலிங்கத்தார் அவளுடைய கையை மெல்லப் பிடித்தார்.

"ஓம் மச்சான்," என்றார், "காகமாய்த்தான் இருக்கும்."