பாதி வீட்டின் விலை

அடுத்த வீட்டு நூர் முகமது ராவுத்தர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பித்தான் பழனியம்மாள் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் வீடு வாங்கினது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு. பத்திரத்துல அப்படித்தான் இருக்கு."

பழனியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னண்ணே இப்படிச் சொல்றீக? போன வருசம் அஞ்சாயிரம் குடுத்தீகளே! எங்க வீட்டு முத்தத்துல உக்காந்துதானே எண்ணினீக? எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தவளே நானுல்ல?"

"காப்பி நல்லா இருந்துச்சு தங்கச்சி. ஆனா பத்திரத்துல ஆயிரத்து எண்ணூறுதான்."

பெருமாள்சாமியின் வெங்காய மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே பெஞ்சு போட்டுப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. தெருவில் எந்த வழக்கானாலும் அவரிடம்தான் வரும்.

வழக்கு பெரிதில்லை. பழனியம்மாளின் புருஷன் இறந்தபின் வீட்டில் பாதி அவளுக்கு, பாதி கொழுந்தன் அழகருக்கு. அவள் பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றான் அழகர். அவளும் சரியென்றாள். ரெட்டியார்சத்திரத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு இரண்டாயிரத்துக்கு வருகிறது. மகள் தங்கமுத்துவோடு அங்கே போய்விடலாம் என்று நினைத்திருந்தாள்.

என்ன விலைக்கு என்பதில்தான் தகராறு.

வேடசந்தூர்ப் பக்கம் மில் வந்ததிலிருந்து திண்டுக்கல்லில் வீட்டு விலையை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். டீக்கடையில் கேட்டால் நாலாயிரத்து ஐநூறு. தரகரைக் கேட்டால் ஆறாயிரம். அவரையே மறுநாள் கேட்டால் ஏழாயிரம். பத்திரத்தைப் பார்த்தால் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டாது. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து ஊரே அப்படித்தான் குறைத்து எழுதி வைத்திருந்தது. வாங்கினவன், விற்றவன், எழுதினவன் மூன்று பேருக்கும் உண்மை தெரியும். பத்திரத்துக்கு மட்டும்தான் தெரியாது.

அழகர் விவரமான ஆள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, அந்தத் தெருவில் விற்ற மூன்று வீடுகளின் பத்திர நகலை வாங்கி வந்துவிட்டான். மூன்றும் ஆயிரத்து எண்ணூறையொட்டியே இருந்தன. அதில் ஒன்று ராவுத்தருடையது.

"பாத்தீகளா? ராவுத்தர் வாக்குன்னா வாக்குதான்!" என்றான் அழகர். "வாயில வந்த விலையெல்லாம் விலையாங்க? எழுத்துல இருக்கறதுதான் விலை. எங்க வீடும் இவுக வீடும் ஒரே அளவு, ஒரே சுவர்."

பெருமாள்சாமிக்கு உள்ளூர மனசு கேட்கவில்லை. அவருக்கும் ஊர் நிலவரம் தெரியாதா என்ன?

"ராவுத்தரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பொம்பளைப் பிள்ளையோட வாழ்க்கை இது."

"யோசிச்சுத்தாண்ணே சொல்றேன்."

"நீங்களுமாண்ணே இப்படி?" என்றாள் பழனியம்மாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ராவுத்தர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தோல் மண்டி வைத்துப் பணம் சேர்த்த மனுஷன், குறைத்து எழுதினது வெளியே வந்தால் அபராதம் கட்ட வேண்டுமே என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. அங்கே இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பெருமாள்சாமி பெருமூச்சு விட்டார்.

"சாட்சியும் இப்படிச் சொன்னப்புறம் நான் என்னம்மா செய்ய? வீட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு. பாதி தொள்ளாயிரம். அழகரு, சம்மதமா?"

"முழுச் சம்மதங்க!"

அழகர் மடியை அவிழ்த்தான். வரும்போதே தொள்ளாயிரத்தைச் சரியாக எண்ணிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான், புண்ணியவான். பெருமாள்சாமி ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே," என்றார் ராவுத்தர். "ஒரு சந்தேகம். பாதி வீடு தொள்ளாயிரம்னு முடிவாயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு."

"அழகரு, இந்த விலை நியாயமான விலைதானே?"

"இதைவிட நியாயம் உண்டுமா ராவுத்தரே! பத்துக் காசு கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை."

"வீட்டுல ரெண்டு பாதியும் சரிசமம்தானே?"

"அச்சுப் பிசகாம சரிசமம்."

ராவுத்தர் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு நோட்டுக் கட்டை எடுத்தார். பழனியம்மாளுக்கு முன்னால் பெஞ்சின் மேல் வைத்தார்.

"தங்கச்சி, இதுல தொள்ளாயிரம் இருக்கு. என் பணம்தான், கையில இருக்கறப்பத் திருப்பிக் குடு. உன் பங்கை நீ விக்க வேணாம். இதே விலைக்கு அழகரோட பங்கை நீ வாங்கிக்க. முழு வீடும் உனக்கே ஆகட்டும்."

பழனியம்மாள் முந்தானையை விலக்கி அவரைப் பார்த்தாள். சட்டென்று விளங்கவில்லை அவளுக்கு.

அழகருக்கு உடனே விளங்கிவிட்டது. துள்ளி எழுந்தான்.

"அதெப்படி? அஞ்சாயிரம் பெறுற வீட்டுல என் பாதியைத் தொள்ளாயிரத்துக்குத் தூக்கிக் குடுக்க நான் என்ன இளிச்சவாயனா?"

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அழகர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெருமாள்சாமி எழுதின சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

"இப்பத்தாம்ப்பா சரியான சாட்சி வந்திருக்கு. மதினிக்கு ரெண்டாயிரத்து ஐநூறு எடுத்து வையி."