சும்மா கூட வந்தவள்

“நான் வாங்கப்போற டெம்போவைப் பார்கவி வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க அக்கா. நீங்களும் சும்மா கூட வாங்களேன்” என்றான் சமையல் கான்ட்ராக்டர் கிட்டு, போனில்.

அந்த ‘சும்மா’ சியாமளாவுக்குச் சுருக்கென்றது.

புனே கேம்ப் பகுதியில் பதினெட்டு வருஷமாக வண்டி இன்ஷூரன்ஸ் சர்வேயர் அவள். மோதியது, முங்கியது, எரிந்தது என்று அவள் குனிந்து பார்க்காத வண்டி இல்லை. புனேயில் தெரிந்த தமிழ்க் குடும்பம் எது பழைய வண்டி வாங்கினாலும், “சியாமளா பாத்தாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி.

எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து பார்கவி வந்து சேரும்வரைதான்.

பார்கவிக்கு விமான் நகரில் ஐ.டி. வேலை. அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவராம். கையடக்கமாக ஏதோ ஒரு கருவியை வண்டியில் சொருகுவாள். என்ஜினின் ஜாதகமே போனில் வந்துவிடும். ஆறே மாதத்தில் மூன்று குடும்பங்களுக்குக் கார் பார்த்துக் கொடுத்துவிட்டாள். மூன்றும் நன்றாக ஓடியதுதான் சியாமளாவுக்குத் தாங்கவில்லை.

“வர்றேன்” என்றாள். பார்கவி சறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஞாயிறு காலை. தேஹு ரோடு தாண்டி ஒரு பழைய வண்டி யார்டு.

பார்கவி டெம்போவில் கருவியைச் சொருகி, ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டாள். அணைத்தாள். மறுபடி ஸ்டார்ட் செய்தாள். ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்துப் பார்த்தாள். ஒரு சுற்று ஓட்டியும் வந்தாள்.

“என்ஜின் நல்லா இருக்குங்க கிட்டு. கிளட்ச் மட்டும் மாத்தோணும்.”

சியாமளா மனதுக்குள் போட்டிருந்த கணக்கும் அதேதான். எரிச்சலாக வந்தது.

பார்கவி டார்ச்சை எடுத்து வண்டிக்கு அடியில் பிடித்தாள். “நீங்களும் ஒரு பார்வை பாருங்கக்கா.”

சியாமளா குனிந்தாள். ஐந்து விநாடி போதுமாக இருந்தது.

கேபினுக்குப் பின்னால், வண்டியையே தாங்கும் சேசிஸ் சட்டத்தில், ஒரு முழத்துக்கு மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட். அதற்கடியில் தழும்பு மாதிரி புடைத்துக்கொண்டு ஒரு வெல்டிங் கோடு. எங்கேயோ நசுங்கிய வண்டி. வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பாரம் ஏற்றி மலை ஏறினால் எந்த வளைவிலும் இரண்டாகலாம்.

நிமிர்ந்து கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள்.

“என்னக்கா?”

“பாக்க வந்தது நீங்கதானே. நான் சும்மா கூட வந்தவ.”

பார்கவி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தலையசைத்துவிட்டுக் கிட்டுவிடம் போனாள்.

சியாமளா வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மாதம் போதும். வண்டி படுத்துவிடும். ‘அந்தக் கருவியை நம்பினதுக்கு சியாமளாகிட்ட காட்டியிருக்கலாம்’ என்பார்கள் எல்லோரும். நினைக்கவே இதமாக இருந்தது. வண்டி படுக்கிற நேரத்தில் அதற்குள் யார் இருப்பார்கள் என்கிற பக்கம் மட்டும் மனதைப் போகவிடவில்லை.

கிட்டு பேனாவோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“உள்ள பேப்பர் எழுதறாங்க அக்கா. புதன்கிழமை லோணாவ்ளா மலையில ஒரு கல்யாணச் சமையல். விசாலத்தையும் அண்டா குண்டானையும் ஏத்திட்டு இதுலயே போயிடலாம். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்காகக் காத்துக்கிடந்து அவ நொந்துட்டா.”

விசாலம் அவன் மனைவி.

சியாமளா போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். “பார்கவி அவ்வளவு உறுதியாச் சொல்லிட்டாளா?”

“என்ஜினைத்தான் உறுதியாச் சொன்னாங்க. ‘சேசிஸ் விஷயம் எனக்கு அவ்வளவாத் தெரியாது, சியாமளாக்கா வந்தாத்தான் நான் வருவேன்’னு முதல்லயே சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் உங்களை வேலை வாங்கறோமேன்னு கூச்சப்பட்டு, நான்தான் சும்மா வாங்கன்னேன்.”

சியாமளா தலையைத் தூக்கினாள்.

“இப்பக்கூடச் சொன்னாங்க. ‘அக்கா குனிஞ்சு பாத்தாங்க, குறை இருந்தாச் சொல்லாம விடமாட்டாங்க, தைரியமாக் கையெழுத்துப் போடுங்க’ன்னு.”

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கிட்டுவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வா.”

டெம்போவுக்கு அடியில் புடவையோடு மண்டியிட்டு, வீட்டுச் சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினாள். வெல்டிங் கோடு வெள்ளையாக வெளியே வந்தது. பார்கவியும் ஓடிவந்து குனிந்தாள்.

கிட்டுவுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த வெல்டிங் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

“இது முன்னாடியே உங்க கண்ணுல படலையா அக்கா?”

சியாமளா வாயெடுப்பதற்குள் பார்கவி முந்திக்கொண்டாள். சியாமளாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே சொன்னாள்.

“டார்ச்சை நான்தாங்க சரியாப் புடிக்கல. அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது.”

கிட்டு தலையாட்டினான். நம்பிவிட்டான்.

சியாமளா முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை.

“டார்ச்சை நீங்க சரியாத்தான் பிடிச்சீங்க பார்கவி” என்றாள். “எனக்குத் தெரிஞ்சுது.”