மாதா பீடத்துச் சாடி

“இந்தச் சாடி ஜெர்மன்காரன் செஞ்சதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சிரில் அண்ணே.”

டொரத்தி நீட்டிய பூச்சாடியில் இன்னும் பூக்கள் இருந்தன. சிரில் தயங்கவே, அவளே பூக்களைப் பிடுங்கி மண்ணில் எறிந்தாள். தண்ணீரையும் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்திருந்தது. சாமியார் அடுத்த பூசைக்காகக் கிள்ளான் ரயிலைப் பிடிக்க அவசரமாகப் போய்விட்டார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பங்கள் கோவில் வாசலிலேயே நின்றன.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

நடுவில் உர்சுலா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்க யாரும் வரவில்லை.

உர்சுலா இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். யுத்தம் தொடங்கும்வரை ஒரு ஜெர்மன் வியாபாரியின் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். அந்தக் குடும்பத்தைச் சர்க்கார் சிங்கப்பூர் முகாமில் கொண்டுபோய் அடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மாதா பீடத்துக்கு இந்தப் பச்சைக் கண்ணாடிச் சாடி வந்தது. உர்சுலா தினமும் அதில் பூ மாற்றினாள்.

டொரத்தியும் விதவைதான். அவளுடைய கறுப்புச் சேலை புதியது. அவள் கணவன் செபாஸ்டியன் கப்பல் சமையல்காரன். அவன் போன கப்பலை ஜெர்மன்காரர்கள் நடுக்கடலில் மூழ்கடித்தார்கள். புதைக்க உடல்கூடக் கிடைக்கவில்லை.

“என் புருசனைக் கொன்னவன் சாடியில மாதாவுக்குப் பூவா?” என்று அவள் பூசை நடுவிலேயே எழுந்து கத்தியிருந்தாள்.

சிரிலுக்கு லேலோங் கடையில், அதாவது ஏலக் கடையில், குமாஸ்தா வேலை. ஏலத்துக்கு வரும் சாமான் எந்த நாட்டுச் சரக்கு, யார் கைவேலை என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில்.

அவர் சாடியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தது. உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள்.

“அச்சுல வார்த்தது இல்ல. வாயால ஊதினது.”

“எவன் வாயாலன்னு சொல்லுமய்யா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரில் சாடியைக் கவிழ்த்தார். அடியில், ஊதி முடித்தபின் இரும்புக் கம்பியிலிருந்து சாடியை உடைத்தெடுத்த வடு இருந்தது. அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். அதைச் சுற்றி அழுக்கேறிய கீறல்கள். எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

கீறல்கள் எழுத்துகளாயின.

“இங்கிலீஷ்காரன் வேலை” என்றார். “பட்டறைப் பேரு இருக்கு. அதுக்குக் கீழ இங்கிலாந்துன்னு போட்டிருக்கு.”

கூட்டம் தளர்ந்தது. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். உர்சுலாவின் பேர் முழுசாகத் துலங்கட்டும் என்று சிரில் இன்னொன்றும் சொன்னார்.

“அந்த ஜெர்மன் பங்களா சாமானெல்லாம் எங்க கடையிலதான் லேலோங் போச்சு. எல்லாம் அவங்க ஊர்ச் சரக்கு. இது அங்கேர்ந்து வந்ததே இல்ல.”

அதுவரை கல்லாக நின்ற உர்சுலாவின் முகம் அப்போதுதான் வெளிறியது.

டொரத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்ப இது ஏதுடி உனக்கு? ஆயா சம்பளத்துல சீமைச் சாடி வாங்கினியா? எவன் குடுத்தான்?”

போனவர்கள் திரும்பி வந்தார்கள். இப்போது ஆண்களில் சிலர் சிரித்தார்கள்.

“சொல்லுடி. எவன்?”

உர்சுலா அவளை நேராகப் பார்த்தாள்.

“அந்த வீட்டுதுதான். துரைசானி அலமாரியில இருந்துச்சு. லேலோங்காரங்க வர்றதுக்கு முன்னாடி நான் திருடிட்டேன்.”

சிரில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உர்சுலா அவர் பக்கம் திரும்பிய வேகத்தில் மூடிக்கொண்டார்.

டொரத்தி அவர் கையிலிருந்து சாடியைப் பறித்துக் கோவில் படியில் ஓங்கி அடித்தாள்.

யாரோ உர்சுலாவின் காலடியில் காறித் துப்பினார்கள். திருட்டுச் சிறுக்கி என்றார்கள். இனி இந்தப் படி ஏறினால் காலை உடைப்போம் என்றார்கள். சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தவளின் கையை டொரத்தி செருப்புக் காலால் எற்றித் தள்ளினாள்.

உர்சுலா எழுந்து, உள்ளங்கை ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு தண்டவாளத்தோரமாக நடந்தாள்.

டொரத்தியின் மேல் இரக்கப்பட்டு அவள் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. டொரத்தியை அவளுக்கு எந்நாளும் பிடித்ததில்லை. சாடியைக் கொடுத்தவன் பெயரை டொரத்தியின் வாயில் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

லண்டன் போய்த் திரும்பியபோது செபாஸ்டியன் அந்தச் சாடியைத் தன் சட்டையில் சுற்றி எடுத்துவந்தான். வீட்டுக்குப் போவதற்கு முன்னால், பங்களாவின் பின்வாசலுக்கு வந்து உர்சுலாவின் கையில் கொடுத்தான்.

கப்பல் மூழ்கிய செய்தி வந்த வாரம் அவள் அதைப் பீடத்தில் வைத்தாள். செத்தவன் பெயரைச் சொல்லிப் பூசை கேட்க மனைவிக்குத்தான் உரிமை.

உர்சுலா பூ மட்டும் வைத்தாள்.