பந்தையே பார்க்கும் கேமரா

தையல் இயந்திரத்தில் சாய்த்து வைத்த கைப்பேசியின் நேரலையில் மகன் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறான். பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவன். இந்த வருடம் அனுபவத்துக்காக அவனை ஒரு சின்ன கிளப்புக்கு இரவல் கொடுத்திருக்கிறார்கள். "இரவல் சட்டையைத்தான் போட்டுக் கிழிப்பானுங்க," என்று அப்பா சிரிக்கிறார். "வாயைக் கழுவுங்க," என்கிறாள் அம்மா. போன மாதம்தான் அவன் முழங்கால் கட்டைப் பிரித்தார்கள். அந்த மைதானத்தில் ஒரே ஒரு கேமரா; அதுவும் ஆளில்லாமல் தானாகவே பந்தைப் பார்த்துத் திரும்புவது. திரையின் ஓரத்தில் எவனோ மோத, மகன் காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். பந்து உருள்கிறது. கேமரா அதன் பின்னால் போய்விடுகிறது. தையல் மிதியில் அம்மாவின் கால் அப்படியே நிற்கிறது. "இந்தப் பக்கம் திரும்பித் தொலையேன்," என்று திரையை விரலால் இழுக்கிறாள். "எந்திரிச்சிருப்பான்டி." அப்பாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. விழுந்தவனுக்காக ஆட்டத்தை நிறுத்த, யாரோ ஒருவன் வேண்டுமென்றே பந்தை வெளியே உதைக்கிறான். அது வேலியோரப் புல்லில் போய் நிற்கிறது. கேமராவும் நிற்கிறது. சாய்ந்த வெயில், வெள்ளைக் கோடு, பந்து. கூட்டத்தின் சத்தம் மெல்ல அடங்குகிறது. பந்தை எடுக்க ஒருவரும் வரவில்லை.